குழந்தை பிறந்த வீட்டின் போன் படங்கள்: சேர்ப்பது, கழிப்பது, காப்பது

கைக்குழந்தை உள்ள வீட்டில் படங்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்தவை அப்பாவின் போனில். தாய்வீட்டில் இருந்த மாதங்கள் முழுக்க அம்மாவின் போனில். தொட்டில் போட்ட அன்று எடுத்தவை சித்தியின் போனில், அதுவும் பாதி வாட்ஸ்அப் வழியாக மங்கலாக வந்து சேர்ந்தவை. பெயர் சூட்டு விழாவுக்கு வந்த போட்டோகிராபர் கொடுத்த பென் டிரைவ் பீரோவில் எங்கோ கிடக்கும். இதற்கு நடுவில் போன் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று கத்தும்போது, தூக்கக் கலக்கத்தில் எதையாவது அழித்து இடம் பண்ணுவோம். படங்கள் தொலைவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இந்த வேலைக்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்க வேண்டும் என்று நினைத்தால் அது நடக்கவே நடக்காது. குழந்தை மடியில் தூங்கும் பத்து நிமிடம், ஒரு கை மட்டும் ஓய்வாக இருக்கும் நேரம், அது போதும். முதல் இரண்டு படிகளுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படங்களைக் குறைக்க உட்காரும் எல்லோரும் ‘எதை அழிக்கலாம்’ என்றுதான் தேடுவார்கள். குழந்தையின் படம் என்றால் எதையுமே அழிக்க மனசு வராது. அரை மணி நேரம் போராடி நாலு படத்தை நீக்கிவிட்டு எழுந்துவிடுவோம். ‘எதை வைத்துக்கொள்வது’ என்று தேடினால் அதே வேலை சுலபமாகிவிடும். இங்கே சொல்லும் எல்லாமே அந்த ஒரு வழியைச் சுற்றித்தான்.

முதல் படி: எதையும் தொடும் முன் ஒரு முழு நகல்

வெளியில் வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். 1 டிபி இருந்தால் ஒரு குடும்பத்தின் சில ஆண்டுகளுக்குத் தாராளம். அதில் ‘தொடாதே’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, இரண்டு போன்களிலும் இருப்பதை அப்படியே, குப்பையோடு சேர்த்து நகல் எடுங்கள். இப்போது எதையும் பிரிக்க வேண்டாம்.

ஆண்ட்ராய்ட் போனைக் கம்ப்யூட்டரில் கேபிளால் இணைத்து ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே டிசிஐஎம் என்ற ஃபோல்டர் தெரியும். கேமராவில் எடுத்தவை அதில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்தவை வேறு இடத்தில்: ஆண்ட்ராய்ட், மீடியா, காம் டாட் வாட்ஸ்அப் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போக வேண்டும். இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐபோனில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். செட்டிங்ஸில் ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’ என்பது இயங்கிக்கொண்டிருந்தால் போனில் இருப்பது சிறிய பிரதியாக இருக்கலாம், முழு அளவுப் படம் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் இருக்கும். அப்படியானால் ஐகிளவுட் இணையதளத்தில் இருந்து கம்ப்யூட்டரில் இறக்கி நகல் எடுப்பதே நல்லது.

‘கிளவுடில்தான் இருக்கிறதே, பிறகு எதற்கு ஹார்ட் டிஸ்க்?’ என்று கேட்கலாம். ஐகிளவுட் போட்டோஸ் என்பது எல்லா சாதனங்களையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் ஏற்பாடு. போனில் ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் போட்டோஸ் ஆப்பில் டெலிட் அழுத்தினாலும் அப்படியே: பேக்கப் ஆன படமானால் போனிலும் போகும், கணக்கிலும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கு ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனி வசதி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணவன், மனைவி இருவருமே தெரிந்துகொண்ட பிறகு மேலே படியுங்கள். தவறி அழித்ததை மீட்கக் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஐபோனில் 30 நாள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்துக்கு 60 நாள், ஆகாததற்கு 30 நாள். அதற்குப் பிறகு வழியில்லை.

இரண்டாம் படி: உறவினர் போன்களில் இருந்து சேர்ப்பது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வருகிறது. 2023-இல் வந்த எச்டி வசதியில் அனுப்பினால் ஓரளவு பரவாயில்லை. அசல் அப்படியே வர வேண்டுமானால் படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். அளவோடு தேதியும் தொலைகிறது. கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாள், நேரம், பல நேரம் இடம் உட்பட எக்ஸிஃப் என்ற குறிப்பு ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது உதிர்ந்துவிடும். அதனால்தான் பங்குனியில் எடுத்த மொட்டைப் படம், மாமா ஆவணியில் அனுப்பியதால், கேலரியில் ஆவணிப் படங்களோடு நிற்கிறது. ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரில் தேதியை அடுத்து டபிள்யூஏ என்ற இரண்டு எழுத்து இருந்தால் அது வாட்ஸ்அப் படம். அந்தத் தேதியும் வந்து சேர்ந்த தேதிதான். முக்கியமான படங்களுக்கு மட்டும் தேதியைக் கையால் திருத்திவிடுங்கள். கூகுள் போட்டோஸிலும் ஐபோனிலும் படத்தின் விவரப் பக்கத்திலேயே அதற்கு வழி இருக்கிறது.

பெரியவர்களிடம் ‘டாக்குமென்டா அனுப்புங்க அத்தை’ என்று போனில் விளக்கிக்கொண்டிருப்பதை விட, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்கள் போனைக் கையில் வாங்கி நீங்களே எடுத்துக்கொள்வது மேல். இரண்டும் ஆண்ட்ராய்ட் என்றால் க்விக் ஷேர், இரண்டும் ஐபோன் என்றால் ஏர்டிராப். அசலும் வரும், தேதியும் வரும். பாட்டி, தாத்தா போன்களை மறக்கவே மறக்காதீர்கள். அவர்கள் எடுத்த படம் ஆடியிருக்கும், ஓரத்தில் விரல் தெரியும். ஆனால் நீங்கள் அலுவலகத்தில் இருந்த நேரத்துக் குழந்தை அதில்தான் இருக்கிறது.

போட்டோகிராபரிடம் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் வாங்காதீர்கள். எடுத்தது எல்லாவற்றையும் முழு அளவில் கேளுங்கள். கிளவுட் லிங்க் அனுப்பினால் அன்றே இறக்கிவிடுங்கள். அவர்களும் இடத்துக்காகப் பழையதை அழித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இனிமேல் சிதறாமல் இருக்க, கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் சேர்ப்பதுதான் வழி. இருவருமே ஐபோன் என்றால், அதன் மென்பொருளான ஐஓஎஸ் 16.1 முதல் ஐகிளவுடில் கூட்டு நூலகம் ஒன்றைத் தொடங்கலாம். தொடங்குபவரோடு சேர்த்து 6 பேர் வரை இருக்கலாம், படங்கள் முழு அளவில் இருக்கும். ஆண்ட்ராய்ட் என்றால் கூகுள் போட்டோஸில் பார்ட்னர் ஷேரிங். குழந்தையின் முகம் உள்ள படங்கள் மட்டும் தானாகத் துணைவருக்குப் போகும்படி அதில் அமைக்கலாம். ஒருவர் ஐபோன், ஒருவர் ஆண்ட்ராய்ட் என்றாலும் கூகுள் போட்டோஸே கைகொடுக்கும்.

மூன்றாம் படி: யோசிக்காமல் கழிக்கக்கூடியவை

முதலில் வீடியோ. பத்துப் படம் அழிப்பதை விட ஒரு வீடியோவை அழித்தால் கிடைக்கும் இடம் அதிகம். ஐபோனில் நொடிக்கு 30 ஃபிரேமில் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும், 60 ஃபிரேம் என்றால் 400 எம்பி. அதைவிடத் துல்லியம் குறைந்த 1080பி-யில் 30 ஃபிரேம் என்றால் 60 எம்பி போதும். அன்றாடம் எடுக்கும் வீடியோக்களுக்கு 1080பி தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. இன்றைக்கே கேமரா செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். விசேஷ நாட்களில் வேண்டுமானால் 4கே-க்குப் போகலாம்.

நீளமான வீடியோக்களை வெட்டிவிடலாம். ‘இங்க பாரு, இங்க பாரு’ என்று நாம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் இரண்டு நிமிடத்தில் குழந்தை சிரித்தது ஆறு நொடிதான். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் விட்டு, மீதியை வெட்டுங்கள். ஒன்றில் மட்டும் கை வைக்காதீர்கள்: யாராவது பாடுவதும் பேசுவதும் பதிவான வீடியோ. படம் இருட்டாக இருந்தாலும், கேமரா தரையைக் காட்டினாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சி பாடும் தாலாட்டு, குழந்தையின் ‘ங்கா’, பின்னால் கேட்கும் குக்கர் விசில், இவை எந்தப் படத்திலும் வராது.

அடுத்து வாட்ஸ்அப் குப்பை. குட்மார்னிங் படங்கள், கல்யாணப் பத்திரிகைகள், ஃபார்வர்டுகள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ பக்கம் போனால் எந்தக் குழு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பெரியதில் இருந்து தொடங்குங்கள். குடும்பக் குழு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற குழுக்களுக்கு ‘மீடியா விசிபிலிட்டி’யை நிறுத்தினால் புதிய குப்பை கேலரிக்குள் வராது.

அப்புறம் ஸ்கிரீன்ஷாட், மங்கல் படம், ஒரே படத்தின் இரண்டாம் பிரதி. இவற்றைக் கண்டுபிடிக்கப் போனே உதவும். ஐஓஎஸ் 16 முதல் ஐபோனில் ‘டூப்ளிகேட்ஸ்’ என்று தனி ஆல்பம் வருகிறது. அதில் ‘மெர்ஜ்’ கொடுத்தால் தரமானதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும். கூகுள் போட்டோஸில் சேமிப்பிடப் பக்கம் பெரிய வீடியோ, மங்கல் படம், ஸ்கிரீன்ஷாட் என்று பிரித்தே காட்டும். ஆனால் மங்கல் என்று அது காட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். பிரசவ அறைக்கு வெளியே பதற்றத்தில் எடுத்த முதல் படம் மங்கலாகத்தான் இருக்கும். அதற்கு மாற்றுப் படம் கிடையாது.

நான்காம் படி: காகிதங்களின் படங்கள்

குழந்தை பிறந்த வருடத்தில் கேலரியில் கணிசமான பங்கு காகிதங்களுக்குப் போய்விடும். டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு, தடுப்பூசி அட்டை. இவை நினைவுப் படங்கள் இல்லை, அவசரத்துக்குத் தேட வேண்டியவை. 6 வாரம், 10 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று ஊசி போட்டு வரும் ஒவ்வொரு முறையும் அட்டையைப் படம் எடுத்து, ‘மருத்துவம்’ என்ற தனி ஆல்பத்தில் போடுங்கள். பழைய அட்டைப் படத்தை அழித்துவிட்டுக் கடைசியாக எடுத்ததை மட்டும் வைத்தால் போதும். பிறப்புச் சான்றிதழ் கேலரியில் கிடக்கக் கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். டிஜிலாக்கரிலும் ஹார்ட் டிஸ்கிலும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும்.

கர்ப்ப காலத்தில் கொடுத்த ஸ்கேன் படங்களை இப்போதே கையில் எடுங்கள். அந்த வழவழப்பான தாள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாள். பல வீடுகளில் ஃபைலுக்குள் வைத்து பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். வெயிலும் சூடும் படப்பட அது மங்கிக்கொண்டே போகும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் சூடு பட்டு முழுக்கக் கறுத்துவிடும். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து, பளபளப்பு விழாத கோணத்தில் நேர்மேலே இருந்து படம் எடுங்கள். ஓரத்தில் அச்சாகியிருக்கும் தேதி தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். குழந்தையின் முதல் படம் அதுதான். நினைவுப் படங்களின் வரிசையில் அதையே முதலில் வையுங்கள்.

டாக்டருக்குக் காட்ட எடுத்த படங்களையும் இங்கேயே முடித்துவிடலாம். டயபர் அரிப்பு, உடம்பில் தடிப்பு போன்றவை. ஆலோசனை முடிந்ததும் அழித்துவிடுங்கள், அந்தரங்க உறுப்புகள் தெரியும் படத்தை எடுக்கவே யோசியுங்கள். கிளவுடில் ஏறும் படங்களைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் சோதிக்கிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, நர்ஸ் கேட்டதற்காகத் தன் மகனின் வீக்கத்தைப் படம் எடுத்தார். அது போனில் இருந்து தானாக பேக்கப் ஆனது, அவருடைய கூகுள் கணக்கே முடக்கப்பட்டது. போலீஸ் அவர்மேல் தவறில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை என்று 2022-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கணக்கு போனால் அதில் இருக்கும் எல்லாப் படங்களும் சேர்ந்தே போகும்.

ஐந்தாம் படி: தேர்ந்தெடுப்பது

இனிதான் உண்மையான வேலை. ஒரு தடவைக்கு ஒரு மாதம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தின் முதல் படத்தில் இருந்து வேகமாகத் தள்ளிக்கொண்டே போங்கள். மனசு நிற்கும் படத்தில் மட்டும் இதயக் குறியைத் தட்டுங்கள். ஒப்பிட வேண்டாம், பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம். மாதம் முடிந்ததும் ‘ஃபேவரிட்ஸ்’ ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். அறுபது எழுபது இருக்கும். இரண்டாம் சுற்றில் அதை இருபது, இருபத்தைந்தாகக் குறையுங்கள். ஒரு வருடத்துக்கு 300 படம் என்று வைத்தாலும், ஒரு பிள்ளை வளர்ந்து உட்கார்ந்து பார்க்க அதுவே அதிகம்தான்.

ஒரே காட்சியின் பல படங்களில் எதை எடுப்பது? தாத்தா வீட்டு முற்றத்தில் குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டி மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டியிருக்கிறார், குழந்தை கால்மேல் குப்புறக் கிடக்கிறது. அம்மா நின்று எடுத்த படங்கள் பன்னிரண்டு. ஒன்றில் குழந்தை கேமராவைப் பார்க்கிறது. நம் கை தானாக அதற்குத்தான் போகும். ஆனால் இன்னொன்றில், தண்ணீர் கண்ணில் இறங்காமல் இருக்கப் பாட்டியின் இடது உள்ளங்கை குழந்தையின் நெற்றியில் அணை கட்டியது போல மடிந்து நிற்கிறது. வலது கையில் செம்பு சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் பயத்தம்மாவுக் கிண்ணம், சுவரோரம் சாம்பிராணித் தட்டு. நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். கேமராவைப் பார்க்கும் முகம் அந்த மாதத்தில் வேறு இருபது படங்களில் இருக்கும். அந்தக் கை அப்படி நின்றது ஒன்றில்தான்.

இதையே பொதுவாகச் சொல்வதென்றால், முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்த படங்களில் மாதத்துக்கு மூன்று நான்கு போதும். சுற்றுப்புறம் தெரியும் படங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். சேலையில் கட்டிய தூளி, வாடகை வீட்டின் ஜன்னல், அப்பா வேலைக்குக் கிளம்பும்போது நிற்கும் வாசல், கொடியில் காயும் துணிகள். வீடு மாறும், தூளி கழற்றப்படும், மனிதர்கள் வயதாகிப்போவார்கள். குழந்தையின் உடம்பளவு தெரியும் படமும் முக்கியம். அப்பாவின் முன்கையில் அடங்கிய குழந்தை, தாத்தாவின் விரலைப் பிடித்திருக்கும் கை, இவை போல.

அம்மா இருக்கும் படங்களைத் தனியாக எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் படம் எடுப்பவர் அம்மாதான், அதனால் அவர் எதிலுமே இருக்க மாட்டார். இருக்கும் சிலவற்றையும் ‘தலை கலைந்திருக்கிறது, நைட்டியில் இருக்கிறேன், வேண்டாம்’ என்று அவரே அழித்துவிடுவார். அழிக்க வேண்டாம். யாருக்கும் அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் அம்மாவோடு ஒரு படம்கூடத் தேறவில்லை என்றால், அடுத்த மாதம் அப்பாவுக்கு அதுதான் வேலை.

விசேஷப் படங்களில் தாராளமாகக் கழிக்கலாம். மேடையில் வரிசையாக வந்து நின்ற குடும்பங்களின் படங்கள் அவரவருக்கு அனுப்ப வேண்டியவை. அனுப்பிவிட்டு மீதிக் குவியலில் போட்டுவிடுங்கள். காது குத்தில் மாமா மடியில் உட்கார்ந்து அழுத ஒரு படம், பேர் வைத்தபோது காதில் சொன்னவரின் முகம், சமையல் பக்கம் நடந்த கலகலப்பு, இவை இருந்தால் அந்த நாள் முழுதாக வந்துவிடும்.

இருவரில் ஒருவர் வேண்டும் என்று சொன்னால் அந்தப் படம் இருக்கும். இதில் வாக்குவாதம் கூடாது. அதே போல, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை இருந்த நாட்களின் படங்கள், அம்மா நோயோடு இருந்த நாட்களின் படங்கள் ஆகியவற்றை இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள். பார்க்கவே முடியவில்லை என்று இன்று தோன்றும். ஒரு தனி ஃபோல்டரில் போட்டு ஹார்ட் டிஸ்கில் வைத்துவிட்டுப் போனில் இருந்து எடுத்துவிடுங்கள். எப்போது திறப்பது என்பதை அந்த அம்மா முடிவு செய்யட்டும்.

தேர்வாகாத மீதியை என்ன செய்வது? உடனே அழிக்க வேண்டாம். மாதம் வாரியாக ஹார்ட் டிஸ்கில் ‘மீதி’ என்ற ஃபோல்டரில் இருக்கட்டும். அது நகலானதைச் சரிபார்த்த பிறகு போனில் இருந்து நீக்கலாம். போனில் தேர்ந்தவை மட்டும் இருக்கும், மனசும் அடித்துக்கொள்ளாது. ஒரு வருடம் கழித்து அந்த ‘மீதி’யைத் திறந்து பார்த்தால், எதை வைப்பது என்ற குழப்பமே இருக்காது. தூரம் வந்த பிறகு கண் வேறு மாதிரிப் பார்க்கும்.

ஆறாம் படி: பெயரும் குறிப்பும்

ஃபோல்டர் பெயரில் ஆண்டு முதலில், அடுத்து மாதம், அதன் பிறகு பெயர்: ‘2025-03 காது குத்து, குலதெய்வம் கோயில்’. ஆண்டும் இரட்டை இலக்க மாதமும் முதலில் இருந்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தானாகக் கால வரிசையில் நிற்கும். ‘சிரிப்பு’, ‘தூக்கம்’, ‘தாத்தாவோடு’ என்றெல்லாம் வகை பிரிக்க ஆரம்பிக்காதீர்கள். ஒரே படம் மூன்று வகையில் வரும், இரண்டாவது மாதமே கைவிட்டுவிடுவீர்கள்.

முகத்தை வைத்துத் தேடும் வசதி பெரியவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். கைக்குழந்தையின் முகம் மாதத்துக்கு மாதம் மாறுவதால் ஒரே குழந்தையை இரண்டு மூன்று ஆளாகப் பிரித்துக் காட்டும். அவ்வப்போது அவற்றை ஒரே பெயரில் இணைத்துவிடுங்கள்.

தேர்ந்த படங்களில் முக்கியமானவற்றுக்கு ஒரு வரி எழுதுங்கள். கூகுள் போட்டோஸில் விவரிப்பு, ஐபோனில் கேப்ஷன் என்று அதற்கு இடம் இருக்கிறது. ‘பெரியம்மா, அவருடைய பக்கத்து வீட்டு அக்கா, தஞ்சாவூர் வீடு, இடிப்பதற்கு முன்’. இந்தத் தகவல் இன்று எல்லோருக்கும் தெரியும், இருபது வருடம் கழித்துச் சொல்ல ஆள் இருக்காது. ஆனால் ஒன்று, கூகுளில் இருந்து, கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் டேக்அவுட் வசதி வழியாகப் படங்களை வெளியே எடுத்தால் நீங்கள் எழுதிய வரிகளும் திருத்திய தேதிகளும் படத்தோடு ஒட்டி வராமல் பக்கத்தில் ஜேசன் என்ற தனிக் கோப்பாக வரும். அதனால் மிக முக்கியமான பெயர்களை ஃபோல்டர் பெயரிலேயே சேர்த்துவிடுவது பாதுகாப்பு.

ஏழாம் படி: மூன்று பிரதி

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 விதியைத்தான் தொழில்முறை ஆட்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. நமக்கு: போன் அல்லது கம்ப்யூட்டரில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. கிளவுடுக்குக் காசு கட்ட விருப்பமில்லை என்றால் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வாங்கி ஊரில் அம்மா வீட்டில் வையுங்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதியதைச் சேர்த்துவிட்டு வரலாம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில் எத்தனை பேர் ஆல்பங்களைத் தண்ணீரில் இருந்து எடுத்தார்கள் என்பது நினைவிருக்கும். ஹார்ட் டிஸ்கும் அதே பீரோவில்தான் இருக்கிறது.

இலவச அளவு கூகுளில் 15 ஜிபி. அதில் ஜிமெயிலும் டிரைவும் சேர்த்தி. அளவில்லாமல் படம் ஏற்றும் சலுகை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஐகிளவுடில் 5 ஜிபிதான். குழந்தையின் பெயரில் தனியாக ஜிமெயில் தொடங்கி அதில் படங்கள் போட்டு வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: 2 ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கை உள்ளே இருப்பதோடு சேர்த்து நீக்கக்கூடும் என்பது கூகுளின் விதி.

பென் டிரைவை நம்பி எதையும் விடாதீர்கள், அது ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போக மட்டும். ஹார்ட் டிஸ்கை ஆண்டுக்கு ஒரு முறையாவது இணைத்து, அங்கங்கே சில படங்களையும் வீடியோக்களையும் திறந்து பாருங்கள். ஐந்தாறு ஆண்டானால் புதியதற்கு மாற்றிவிடுங்கள். கணக்கின் பாஸ்வேர்டு கணவன், மனைவி இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஐபோனில் ‘லெகசி கான்டாக்ட்’, கூகுளில் ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்று, நமக்கு ஏதாவது ஆனால் யாருக்குப் படங்கள் போக வேண்டும் என்று சொல்லி வைக்கும் வசதி உண்டு. இதைப் பேசத் தயக்கமாக இருக்கும், ஆனால் அமைக்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

எட்டாம் படி: அச்சு

தேர்ந்த 300-இல் இருந்து ஆண்டுக்கு நாற்பது ஐம்பது படங்களை அச்சடியுங்கள். 4-க்கு 6 அங்குலப் படம் தெளிவாக வர 1200-க்கு 1800 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் பெரும்பாலும் அதைத் தொடாது. அசலைத் தேடிச் சேர்க்கச் சொன்னது இதற்காகவும்தான். ஒரு செட் உங்களுக்கு, ஒரு செட் தாத்தா பாட்டிக்கு. போனில் அனுப்பியதை அவர்கள் திரும்பத் தேடி எடுக்க முடியாது, ஆல்பம் என்றால் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள்.

வெளியே பகிர்வதைப் பற்றிச் சுருக்கமாக: குளிக்கும் படம், உடையில்லாத படம், வீட்டு முகவரியோ பின்னாளில் பள்ளியின் பெயரோ தெரியும் படம் ஸ்டேட்டஸில்கூட வேண்டாம். உறவினர்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எப்போது, எங்கிருந்து தொடங்குவது

குழந்தை பிறந்த தேதியை மாதாந்திரக் கணக்கு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். 17-ஆம் தேதி பிறந்தது என்றால் ஒவ்வொரு 17-ஆம் தேதியும் போன மாதத்தைத் தேர்ந்தெடுத்து, ஹார்ட் டிஸ்கில் ஏற்றி முடிப்பது. ஒரு மாதம் விட்டுப்போனால் அடுத்த மாதம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஏற்கெனவே ஒரு வருடம், இரண்டு வருடம் குவிந்துவிட்டதா? பிறந்த நாளில் இருந்து தொடங்காதீர்கள். முதல் மாதத்தில்தான் படங்களும் அதிகம், மனசும் இளகிக் கிடக்கும், அங்கேயே நின்றுவிடுவீர்கள். முழு நகல் எடுத்ததும் இந்த மாதத்தை முடியுங்கள். அப்புறம் போன மாதம், அதற்கு முந்தைய மாதம் என்று பின்னோக்கிப் போங்கள். பிறந்த மாதத்துக்கு வந்து சேரும்போது உங்கள் கண் பழகியிருக்கும். அந்த மாதத்துக்கு மட்டும் இருபத்தைந்து என்ற கணக்கு வேண்டாம், ஐம்பது வைத்துக்கொள்ளுங்கள்.